கப்பலேறியவரின் ஊர்



சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் அங்குச் சென்ற முதற்கூட்டம் அது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் சென்றனர்; செய்யாறு அடங்கிய அன்றைய வடஆர்க்காட்டு மாவட்டத்தாரும் அவர்களுள் பலர்.

கப்பற்பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அருகே பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர், அங்க அடையாளம். அவ்வெண்ணைக் கொண்டே வழித்தோன்றல்கள் இன்று மூதாதையரைத் தேடுகின்றனர். ஆயினும், செவியில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் அவர்களுக்கு விளங்குவதில்லை. இங்குள்ள முதியோர் வாய்விட்டுப் படித்தால் விளங்கக்கூடும். சிற்றூர்களின் பழம்பெயர்களையும் குடிவழிகளையும் அம்முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைத்தல் இளைஞர் கடன்.