விருந்தும் வேளாண்மையும்



வந்தாரை வாழவைக்கும் நாடு நம் நாடென்று மேடைதோறும் முழங்குகிறோம். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு ஆண்டுதோறும் விருந்தொன்று வருகிறதே, அதனை வாழவைக்கிறோமா? மத்திய ஆசியாவிலிருந்து, இமயத்தின் கொடுமுடிகளைக் கடந்து வருகிறது பட்டைத்தலை வாத்து. அழைப்பிதழ் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, ஏரியில் நீருண்டு என்ற நம்பிக்கையே அதற்கு வழித்துணை!

1999-இல், அன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில், அவ்வேரி பறவைகள் புகலிடமாயிற்று. 2024-இல் உலகின் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிற்று. பெருமைதான்! ஆனால், பட்டியலில் ஏறிய பெயர் பறவையின் தாகம் தீர்க்குமா?

‘உழவன் வயிறு காய்கையில் பறவைக்குப் பரிவா?’ என்பாருண்டு. அவர்களுக்குச் சொல்வேன்: புள்ளம்பாடி வாய்க்கால் கொணரும் காவிரிநீர் ஏரியை நிரப்புகிறது, வயலுக்கும் பாய்கிறது. அந்நீரில்தான் பறவையும் நீந்துகிறது. கொக்கும் அரிவாள்மூக்கனும் வயற்பூச்சிகளைத் தின்கின்றன. அவற்றின் எச்சமோ நீருக்கு உரமாகிறது. ஓர் ஏரியின் இரு பங்காளிகளுக்குள் பகை மூட்டலாமா?

வாய்க்கால் தூர்ந்தால், கரையில் சீமைக்கருவேலம் படர்ந்தால், முதலில் பறவை போகும். அதற்குச் சிறகுண்டு, வேறிடம் தேடும். சிறகில்லா உழவன் எங்கே செல்வான்?

ஆகவே தோழர்களே, வாய்க்காலைத் தூர்வாருவோம், கரையைக் காப்போம், நீர் நிறைந்த ஏரியோடு விருந்தை வரவேற்போம்!