வாய்ப்புறமும் எதிர்ப்புறமும்



மாந்தனுக்கு முன்னும் பின்னும் உண்டு; இடமும் வலமும் உண்டு. ஆவிற்கும் மீனுக்கும் அவ்வாறே. ஆனால், கடலடியில் ஊரும் உடுமீனுக்கு முன் எது, பின் எது? நடுவில் ஒரு தட்டு; சுற்றிலும் ஐந்து கைகள். எக்கை முன்னே செல்கின்றதோ, அதுவே அப்போதைக்கு முன். இவ்வமைப்பைப் பாடநூல்கள் 'ஆரச் சமச்சீர்' என்கின்றன. ஆர் என்பது, வண்டியுருளையின் நடுக்குடத்தினின்று வட்டைக்கு ஓடும் கால். தச்சன் ஆண்ட சொல்லே இங்கு அறிவியற் சொல்லாயிற்று.

இனி, இவ்வுயிரிகளின் உறுப்புகளை விளக்கப் புகுவோர், 'முதுகுப்புறம், வயிற்றுப்புறம்' என்றும் 'மேற்புறம், கீழ்ப்புறம்' என்றும் எழுதிவிடுகின்றனர். இவை யாவும் தூய தமிழே. ஆயினும் இவ்விடத்தில் பிழை. உடுமீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் வாய் கீழே உள்ளது, கடற்சாமந்திக்கோ மேலே, படுத்துக் கிடக்கும் கடலட்டைக்கு ஒரு முனையில். 'கீழ்ப்புறம்' என்று கற்ற மாணவன், ஒவ்வோர் உயிரியிலும் வெவ்வேறு புறத்தைக் காண்பான். 'வாய்ப்புறம்', 'வாயெதிர்ப்புறம்' என்று சொல்லிப் பாருங்கள். உயிரி எவ்வாறு கிடந்தாலும் பொருள் பிறழாது.

மேலையர் தம் கலைச்சொற்களை வானிலிருந்தா பெற்றனர்? உடுமீனின் கைகளில் குழாய்க்கால்கள் நிரையாக நிற்கும் இடத்திற்கு, நடைபாதை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை இட்டனர். கடல் முள்ளெலியின் ஐம்பல் தாடையை 'அரிசுடாட்டிலின் விளக்கு' என்றனர். அவ்வுயிரியைப் பற்றிய அவரெழுத்தில் விளக்குவமை வந்தமையே கரணியம். தாமறிந்த பாதையையும் விளக்கையும் கொண்டே பெயரிட்டனர். நாமும் அக்கால் நிரையை 'நடைவரி' என்போம். கடல்நீர் புகும் துளைத்தட்டைச் 'சல்லடைத்தட்டு' என்போம்.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, உடுமீனின் புறவுடலில் பெரிதும் தலைக்குரிய மரபணுக்களே இயங்கக் காட்டிற்று. தலையே இல்லாதது எனக் கருதப்பட்ட உயிரி, பெரிதும் தலையாகவே நிற்கின்றது! 'தலையிலி' என்று அன்று பெயரிட்டிருந்தால், இன்று அப்பெயர் பொய்த்திருக்கும். 'வாய்ப்புறம்' பொய்க்கவில்லை, அது கண்டதை மட்டுமே சொல்வது.

ஆகவே, சொல்லாக்கத்தில் ஈடுபடும் அன்பர்களே! அயற்சொல்லை நீக்குதல் பாதிப் பணியே. பொருளை நேரிற் கண்டு, அதற்குப் பொருந்தும் சொல்லை இடுதலே மறுபாதி. தமிழ்ச்சொல் என்பதற்காகவே பிழைச்சொல்லை ஏற்றால், இழப்பு நம் பிள்ளைகளுக்கே. சொல்லும் தூயதாகுக; பொருளும் தூயதாகுக!