கணக்குச் சரி, தண்ணீர் எங்கே?

(கலசப்பாக்கம் பிரசங்கத்தின் சாரம்)



ரசீதுகள் ஒத்துப்போனால் தணிக்கை முடிந்தது என்பது தர்மகர்த்தாக் கணக்கு. தொட்டி கட்டிய செலவு சரியாகவே இருக்கட்டும். அதில் தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்பதே செயல்திறன் தணிக்கை. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலைக்கு ஆகாதென்று தள்ளியது. (நிலமும் வேதமும் உடையோர்க்கே அச்சபை, நமக்கு அங்கு இடமேது?)

இன்று கிராம சபையில் ஓட்டர் யாவர்க்கும் இடமுண்டு. 2005-ம் வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, சமூகத் தணிக்கைப் பொறுப்பை அச்சபையிடமே ஒப்புவித்தது. நாம் செய்ததென்ன? வாசிக்காத தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினோம். சாமி குற்றத்துக்கு நடுங்குகிற நாம், பஞ்சாயத்துக் குற்றத்தைத் தலைவிதி என்கிறோம்!

அக்டோபர் 2-ந் தேதி சபைக்கு, முதல் நாளே தொட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். ரிஜிஸ்தரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.