காவலுக்கு உளுவை, கட்டடத்துக்கு இறால்

(வீட்டில் உயிரினம் வளர்ப்பது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓர் அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், "மீன் தொட்டி என்பது வரவேற்பறைக்கு ஓர் அலங்காரம், அவ்வளவுதான்" என்று முடித்தார். அதை மறுத்துப் பேசத்தான் எனக்கு இந்தப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நானும் அலங்காரம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அந்த நினைப்பினால் என் வீட்டில் ஓர் உயிர் போனது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் வளர்ப்பது இரண்டு பேரை. ஒருவர் பிஸ்டல் ஷ்ரிம்ப். தமிழில் சொடக்கு இறால் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது சொடக்குப் போடுகிறது. இன்னொருவர் கோபி. இதற்குப் புதுப் பெயர் தேவையில்லை, நம் முன்னோர் வைத்த பெயர் இருக்கிறது: உளுவை. தமிழ்நாட்டுக் குளத்திலும் கழிமுகத்திலும் பிடிக்கிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். என்னிடம் இருப்பது மஞ்சள் நிறம், பவளப் பாறை ஓரத்து மணலில் வாழ்வது.

இந்த இறால் என் சுண்டு விரல் அளவுதான் இருக்கும். ஆனால் அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று மட்டும் பெரிதாக, உடம்புக்கே பொருந்தாமல் இருக்கும். அதைப் படாரென்று மூடினால் நீர் ஒரு தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். வேகம் விநாடிக்கு 25 மீட்டர் அளவுக்குப் போகிறது, அதாவது நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம். கொடுக்கின் இரு பக்கமும் மோதுவதால்தான் சத்தம் வருகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். அந்த நீர்த்தாரையின் வேகத்தில் ஒரு குமிழி உண்டாகி, அது நொறுங்கி அடங்கும்போதுதான் சத்தம் எழுகிறது என்று தெரிந்தது. மறு ஆண்டே இன்னொன்றையும் கண்டார்கள். குமிழி நொறுங்கும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு ஒளியும் வருகிறது, உள்ளே வெப்பம் 5,000 டிகிரியைத் தொடுகிறது. சூரியனின் மேற்பரப்பு வெப்பமே ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின்போது கடலடியில் இந்த இறால் கூட்டங்கள் போட்ட சத்தம், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ஒலிக்கருவிகளுக்கே இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

என் வீடு பிரிக்பீல்ட்ஸில், அடுக்குமாடியில். ரயில் சத்தம் ஓய்ந்த பிறகு, நள்ளிரவில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். விருந்தினர் யாராவது தங்கியிருந்தால் எழுந்து வந்து, "கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது போலிருக்கிறதே" என்பார்கள். கிள்ளானிலிருந்து வரும் என் அம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. "இவ்வளவு காசு போட்டு ஓர் இறாலா? இதே காசுக்குப் பாசாரில் இரண்டு கிலோ வாங்கிக் குழம்பு வைத்திருக்கலாமே" என்பதோடு சரி. அம்மாவின் கணக்கை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய ஆயுதம் வைத்திருக்கும் இந்த இறாலுக்குக் கண் பார்வை மிகவும் மங்கல். நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை கட்டும். கூலிக்கு ஆள் வைத்தால்கூட அப்படி வேலை செய்ய மாட்டார்கள். கொடுக்கில் மணலை ஏந்தி வந்து வாசலில் கொட்டும், சங்குத் துண்டைத் தள்ளி வந்து சுவருக்கு முட்டுக் கொடுக்கும், திரும்பிப் போகும். ஆனால் வாசலுக்கு வெளியே தலை நீட்டினால் எந்தப் பக்கமிருந்து எது வந்து விழுங்கும் என்று அதற்குத் தெரியாது. உளுவைக்கோ நல்ல கண். ஆனால் வளை கட்டத் தெரியாது.

ஆகவே உளுவை வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசைகளில் ஒன்றை உளுவையின் உடம்பில் வைத்துக்கொண்டே வேலை செய்யும். தெரு கடக்கும்போது குழந்தை நம் சட்டையைப் பிடித்துக்கொள்வது போல. ஏதாவது வந்தால் உளுவை வாலை லேசாக ஒரு துடிப்புத் துடிக்கும். இறால் அடுத்த கணம் உள்ளே. ஆபத்து அதிகமென்றால் உளுவையும் தலைகீழாகப் பாய்ந்து உள்ளே போய்விடும். செங்கடல் பகுதியில் இலான் கார்ப்ளஸ் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1970-களிலிருந்து இந்த வால் மொழியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உளுவை இனங்கள் இப்படி இறாலோடு குடித்தனம் நடத்துகின்றன.

உளுவைக்கு வீடு கிடைக்கிறது, இறாலுக்குக் கண் கிடைக்கிறது, கணக்கு நேர் என்று நினைத்திருந்தேன். 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொரு வரவையும் சேர்த்தார்கள். உளுவை வளைக்குள் கழிப்பதை இறால் உணவாக எடுத்துக்கொள்கிறதாம். சாப்பிட்டுக்கொண்டே நிகழ்ச்சி பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இனி அந்தக் கதை.

முதல் ஜோடியை நான் வாங்கியபோது தொட்டியை அழகாக அமைத்திருந்தேன். கீழே வெள்ளை மணல், மணல் மேல் பாறைகள், நடுவில் ஒரு வளைவு. பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். இறாலுக்கு அந்த அழகெல்லாம் தெரியாது, அது தன் தொழிலைப் பார்த்தது. மூன்றாவது வாரம், வளைவைத் தாங்கிய பெரிய பாறைக்கு அடியில் இருந்த மணலைத் தோண்டி எடுத்துவிட்டது. ஒரு நாள் இரவுப் பதிவு முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், பாறை சரிந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். இறால் அடியில் நசுங்கியிருந்தது.

எனக்கு வலித்தது அது மட்டுமல்ல. வாசல் இருந்த இடம் வெறும் மணலாகிவிட்டது, ஆனால் உளுவை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாலைந்து நாள் அங்கேயே, காவல் காக்க ஒன்றும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. மீனுக்குத் துக்கம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. குற்றம் யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரியும். தோண்டுவதே பிழைப்பான ஓர் உயிரை வாங்கி வந்து, அதன் வீட்டு அஸ்திவாரத்தை நான் மணலில் போட்டிருந்தேன்.

ஆகவே இதை வளர்க்க நினைக்கும் இளையோருக்குச் சொல்கிறேன். பாறையை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே ஆடாமல் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் இரண்டு மூன்று அங்குல ஆழம் வேண்டும். நைஸ் மணல் மட்டும் போதாது, வளையின் கூரை நிற்காது. பவளத் துண்டு, சிப்பி உடைசல் எல்லாம் கலந்திருக்க வேண்டும். பிறகு தொட்டி எப்படித் தெரிய வேண்டும் என்பதை இறால் முடிவு செய்யட்டும். நீங்கள் இன்று ஒதுக்கி வைத்த கல்லை அது நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்து நடுவில் வைக்கும். அதனோடு சண்டை போட்டுப் பயனில்லை.

தண்ணீர் ஊற்றிய அன்றே உயிரை விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடைக்கு மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பும் பொறுமை இருந்தால், இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு ஒத்துவரும்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில். இவற்றுக்கு 24-இலிருந்து 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. கதவடைத்துவிட்டு வேலைக்குப் போன கோலாலம்பூர் அடுக்குமாடி வீடு மதியம் 32 டிகிரிக்கு மேல் போகும். நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் உயிர்க்காற்றும் குறையும். மின்விசிறியை நீரின் மேல் ஓட விட்டால் ஓரிரு டிகிரி இறங்கும், ஆனால் நீர் ஆவியாகும். அப்படிக் குறையும் நீருக்குப் பதிலாக உப்பு நீர் ஊற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் குழாய் நீரை அப்படியே ஊற்றாமல், குளோரின் நீக்கி, முடிந்தால் வடிகட்டிய நீராக. குளிரூட்டும் கருவி வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அதன் விலை இறாலையும் உளுவையையும் சேர்த்த விலையைப் போலப் பல மடங்கு. மின்கட்டணம் தனி.

நீரைச் சேமித்து வைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குழாயில் நீர் நின்றது நினைவிருக்கும். வீட்டில் குளிக்க நீர் இல்லாத நாளில் மீனுக்கு நீர் கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் சில. உளுவை துள்ளும், தொட்டிக்கு மூடி வேண்டும். மீன் நோய்க்கென்று விற்கும் செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் மீன் பிழைக்கும், இறால் செத்துவிடும். ஒரு நாள் காலையில் இறால் செத்து வாசலில் கிடப்பது போலத் தெரிந்தால் அழ வேண்டாம், தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது கழற்றிப் போட்ட சட்டையாக இருக்கும். இன்னோர் அதிசயம், சண்டையில் பெரிய கொடுக்கு போய்விட்டால் சட்டை உரிக்க உரிக்க மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கு பெரிதாகி ஆயுதமாகிவிடும். போன இடத்தில் சின்னது முளைக்கும். வலக்கைக்காரர் இடக்கைக்காரராக மாறிவிடுவார்.

நண்பர் கேட்ட கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "கடலில் நன்றாக இருப்பதைக் கண்ணாடிக்குள் ஏன் அடைக்க வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. இவற்றில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்பட்டுத்தான் கடைக்கு வருகின்றன. பிலிப்பீன்ஸ் கடலில் 1960-களிலிருந்தே அலங்கார மீனுக்காகச் சயனைடு விஷத்தைப் பாறை இடுக்கில் பீய்ச்சிப் பிடித்தார்கள். மீன் மயங்கும், பவளம் சாகும். ஆகவே எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடித்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளுக்குச் சுற்றுலா போகும்போது நீங்களே பிடித்து வரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அவை கடல் பூங்காக்கள், அங்கே உயிரினங்களை எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

பிடித்து வர முடியாதே தவிர, பார்க்கலாம். அந்தத் தீவுகளில் முக்குளிப்பவர்கள் பவளத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்துவிடுகிறார்கள். பவளம் முடிகிற இடத்து வெறும் மணலில் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து பாருங்கள். ஒரு குழி வாசலில் ஓர் உளுவை உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஆபத்தில்லை என்று அது முடிவு செய்த பிறகு, பின்னாலிருந்து மணல் ஏந்திய ஒரு கொடுக்கு வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு, தொட்டி வேண்டாம், இது போதும் என்று தோன்றினால் எனக்கு வருத்தமில்லை. காசும் மிச்சம்.

என் வீட்டில் இப்போது இருப்பது இரண்டாவது இறால். தனியாக இருந்த அதே உளுவையோடுதான் விட்டேன். சேருமோ சேராதோ என்று பயம். அன்று இரவு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு விளக்கைப் போட்டேன். பாறையின் ஓரத்தில் புதிதாக ஒரு வாசல், அதில் உளுவையின் மஞ்சள் தலை, அதன் முதுகில் ஒரு மீசை. அன்றைக்குப் படப்பிடிப்புக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.