பத்து வெள்ளியின் அதிகாரம்

(லூமுட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



நிறுவனங்களில் தலைமை, அதிகாரம், மாற்றம் ஆகியவை பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் ரப்பர் தோட்ட லயத்து வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருந்த மைலோ டின்னிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் ஒரு கூட்டுறவுச் சங்கப் புத்தகம் இருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை மாதம் பணம் கட்டியிருக்கிறோம் என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

அந்த அம்மாதான் விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவர். மண்டோர் பெயர் கூப்பிடுவார். அவருக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை. எந்த நிரையை யார் வெட்டுவது, யாருக்கு இன்று வேலை இல்லை என்பதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. நிறுவன அதிகாரம் என்பதை நான் முதலில் பார்த்த இடம் அதுதான்.

தோட்டம் துண்டாடப்பட்ட காலம்

1957இல் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கிவிட்டன. மொத்தமாக வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்றார்கள். பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வாங்கியவருக்குப் பழைய ஆட்கள் அத்தனை பேரும் எதற்கு? வேலை போனது. வேலையோடு லயமும் போனது. பள்ளிக்கூடமும் மருந்தகமும் கோயிலும் நின்ற மண் அடுத்தவர் கைக்குப் போனது.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர். ரப்பர் தோட்ட உரிமையாளரின் மகன். ம.இ.கா. கட்சியின் தலைவர். ஆணையிடும் நாற்காலி அவருக்கு இருந்தது. ஆனால் அவர் தோட்டம் தோட்டமாகப் போய், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று தொழிலாளரிடம் பணம் கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி ஒருசில வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது அரிசிக் கணக்கில் கை வைப்பது. அதையும் கட்டினார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். மரத்தில் பால் வெட்டியவர்களின் பணம் மரத்தையே வாங்கியது.

பங்கு வாங்கியவரும் மறுநாள் காலை பெரட்டுக்கு நின்றுதான் ஆக வேண்டும். ரப்பர் விலை விழுந்தால் சங்கத்துக்கும் அடி விழும். உரிமையாளரே தொழிலாளியாகவும் இருக்கும் நிறுவனத்தை நடத்துவது கடினமான வேலை. ஆனாலும் ஒன்று மாறியது. கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவ்வளவுதான். 1979இல் துன் சம்பந்தன் மறைந்தார். சங்கம் இன்றும் நிற்கிறது. தலைவர் போன பிறகும் நிற்பதைக் கட்டியவரையே நான் தலைவர் என்பேன்.

நான்கு மணி நேரமும் 600 கோடியும்

உரிமை கைமாறிய இன்னொரு நாள், 1981 செப்டம்பர் 7. அரசின் முதலீட்டு அமைப்பான பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. நாட்டின் நிலம் நாட்டுக்குத் திரும்பியது. அந்தச் சாதனையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. லண்டனில் அது காலை. இங்கே பிற்பகல், வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஜனங்கள் லயத்துக்குத் திரும்பியிருந்த நேரம். முதலாளி மாறியது அவர்களுக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. உரிமை கைமாறுவது ஒன்று; உழைப்பவன் நிலை மாறுவது வேறொன்று. பின்னதற்கு நான்கு மணி நேரம் போதாது.

நம் வாசலில் உள்ள பாடத்தையும் சொல்லியாக வேண்டும். இதே லூமுட் கப்பல் தளத்தில் கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல்கள் கட்ட 900 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. 600 கோடிக்கு மேல் கொடுத்தும் ஒரு கப்பல்கூட முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது. கடற்படை கேட்ட வடிவமைப்பு ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்டது வேறொன்று என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. கப்பலில் ஏறிக் கடலுக்குப் போகிறவனின் சொல் மேசையில் எடுபடவில்லை. இந்த ஊரில் எத்தனை வெல்டர் வீடுகள், எத்தனை சிறு குத்தகைக்காரர்கள் அதன் சுமையைத் தாங்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கேட்காமல் விட்ட ஒரு வார்த்தை

வேலையைச் செய்கிறவரைக் கேட்காத இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். மேலாளராக இருந்த ஓர் இடத்தில் சரக்குக் கணக்கைக் கணினிக்கு மாற்றினேன். முப்பது வருடம் கிடங்கைப் பார்த்துவந்த பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் எந்தச் சாமான் எங்கே என்று தெரியாமல் நின்றோம். அவரிடம் போய்க் கேட்டபோது, ஓரம் கிழிந்த ஒரு நோட்டை எடுத்து வைத்தார். எந்தக் கடைக்காரர் எந்த மாதம் என்ன கேட்பார், எந்தப் பெட்டி மழையில் நனையும் என்பதெல்லாம் அதில் இருந்தது. "கேட்டிருந்தா முன்னாடியே கொடுத்திருப்பேன் ஐயா" என்றார். கோபமில்லாத அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

மாற்றத்தை யாரும் வெறுப்பதில்லை, அன்பர்களே. ரப்பரை விட்டுச் செம்பனைக்கும், தோட்டத்தை விட்டுத் துறைமுகத்துக்கும் மாறிய ஜனம் நாம். தன்னைக் கேட்காமல் தன் தலையில் இறங்கும் மாற்றத்தைத்தான் மனிதன் எதிர்க்கிறான். ஆகவே உங்கள் பட்டறையிலோ லாரிக் கம்பெனியிலோ புதிதாக ஒன்றைக் கொண்டுவரும்போது, அதனால் யாருடைய வேலை மாறுகிறதோ அவரை முதலில் உட்காரவைத்துக் கணக்கைத் திறந்து காட்டுங்கள். அவர் சொல்வதில் ஒன்றையாவது ஏற்றுத் திட்டத்தைத் திருத்துங்கள். அப்போதுதான் அது அவருடைய மாற்றமாகவும் ஆகும்.

சங்கத்திலிருந்து தபால் வந்தால் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். நான் படிப்பேன். "லாபம் எவ்வளவுன்னு போட்டிருக்கு? சரியாப் பாரு" என்பார். பெரட்டுக்களத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவர் அவர்.