பங்கு வாங்கக் காத்திருக்கும் பணம்



புளியந்தோப்பில் வட்டிக் கணக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு ஐந்து என்று மாதக் கணக்கில் காய்கறிக் கடைக்காரர்கூட மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார். கொடுக்கிற வட்டியில் இவ்வளவு கறாராக இருக்கிற நாம், நமக்கு வரவேண்டிய வட்டியைக் கேட்பதே இல்லை. பங்கு வாங்கப் போட்டுவைக்கும் பணத்தை வைத்து இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

ஒரு காலத்தில் பங்கு வாங்க வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம், செகண்ட் லைன் பீச்சில் இருந்த சென்னைப் பங்குச் சந்தையின் புரோக்கரைத்தான் தேடிப் போகவேண்டும். 1937-இல் அமைந்த அந்தச் சந்தை 2015-இல் முடிவுக்கு வந்தது. இப்போது எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர், கேபினில் உட்கார்ந்தபடியே போனில் பங்கு வாங்கிவிடலாம்.

அதற்கான புரோக்கர் ஆப்பில் 'ஃபண்ட்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். விலை இறங்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்று ஒருவர் அதில் 50,000 ரூபாய் போட்டுவைக்கிறார். விலை இறங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே 50,000தான் இருக்கும். புரோக்கர் வங்கி அல்ல. நம் நாட்டில் டிரேடிங் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் அப்படிக் கிடக்கும் பணத்தைத் தாமாகவே வங்கிக்கோ பண்டுக்கோ மாற்றி வட்டி தருகின்றன. அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதே பணம் ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால்? 2025 ஜூனில் அறிவித்த 2.5 சதவீதத்தில், ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 625 ரூபாய். நம் பாஷையில் நூற்றுக்கு மாதம் 21 காசு. குறைவுதான். ஆனால் யுபிஐ-யில் நொடியில் பணம் போய்ச் சேரும் காலத்தில் அதை ஏன் விடவேண்டும்? வாங்குகிற அன்றைக்குப் பணம் அனுப்பினால் போதும்.

வட்டியைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. 2019 நவம்பரில் கார்வி புரோக்கிங் நிறுவனத்தின் மீது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கலாம். வாடிக்கையாளர்களின் பங்குகளையே அடகு வைத்துக் கடன் வாங்கிய விவகாரம் அது. பிறகு சட்டங்கள் இறுகின. வாடிக்கையாளர் பணத்தை அன்றன்றே, பங்குப் பரிவர்த்தனைகளைத் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. பாக்கி எதற்கும் தேவைப்படாத பணத்தை, நீங்கள் தேர்ந்தெடுத்தபடி மாதத்துக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ உங்கள் வங்கிக்கே திருப்ப வேண்டும். ஜனவரி, ஏப்ரல் போன்ற காலாண்டுத் தொடக்க மாதங்களின் முதல் வெள்ளி, சனியில் கேட்காமலேயே வங்கியில் பணம் வந்திருந்தால் பயப்படாதீர்கள், அதுதான் இது. மாதத்துக்கு ஒருமுறை என்பதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

இன்னொரு நல்ல வழி, புதிய பங்கு வெளியீட்டுக்கு (ஐபிஓ) விண்ணப்பிக்கும்போது நடப்பது போலப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைப்பது. பங்கு வாங்கும்வரை அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பெரிய புரோக்கர்கள் 2025 பிப்ரவரி முதல் இந்த யுபிஐ 'பிளாக்' வசதியையோ, சேமிப்பும் டிமேட்டும் டிரேடிங்கும் இணைந்த கணக்கையோ தரவேண்டும் என்பது செபி உத்தரவு. உங்கள் புரோக்கரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தினமும் வாங்கி விற்பவர்கள் 2003 முதல் சந்தையில் இருக்கும் லிக்விட் பீஸ் போன்ற, பங்கு போலவே வாங்கி விற்கும் ஃபண்டுகளில் பணத்தை நிறுத்துகிறார்கள். அதில் புரோக்கரேஜ், வரி இரண்டையும் கழித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

"பணத்தை எங்களிடமே விடுங்கள், மாதம் ரெண்டு வட்டி தருகிறோம்" என்று புரோக்கரோ அவருடைய ஏஜென்ட்டோ சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி உறுதி சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. நாளை அந்த நிறுவனம் முடங்கினால், அப்படிக் கொடுத்த பணத்துக்கு முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலும் இழப்பீடு கிடைக்காது.

கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. கம்பெனி மாறும்போது சம்பளக் கணக்கும் மாறிவிடுகிறது. பழைய கணக்கு இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாமல் கிடந்தால் செயலற்றுப் போகும். புரோக்கர் திருப்பி அனுப்பும் பணம் பதிவு செய்த அந்தக் கணக்குக்குத்தான் வரும். ஆகவே புதிய வங்கிக் கணக்கை ஆப்பில் சேர்த்துவிட்டு, மறக்காமல் அதையே முதன்மைக் கணக்காக மாற்றுங்கள்.