ஒரு பந்து வலது, ஒரு பந்து இடது: டிரைவரை டீபக் பண்ணின கதை

இன்னைக்கு கோட் பத்திப் பேசப் போறதில்ல, கோல்ஃப் பத்திப் பேசப் போறோம். "நெய்வேலிக்காரனுக்கு எதுக்குடா கோல்ஃப்"னு நீங்க கேக்குறது கேக்குது. நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

நான் வளர்ந்தது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல. அப்பா மைன்ல மெயின்டனன்ஸ். எங்களுக்கு விளையாட்டுன்னா டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். பேட்டைக் கையில எடுத்தா மிட் விக்கெட் பக்கம் இழுத்து அடிக்கணும், அவ்வளவுதான் கோச்சிங். ரெண்டு வருஷம் முன்னாடி, ஆபீஸ் டீமோட சென்னையில ஒரு டிரைவிங் ரேஞ்சுக்குப் போனேன். முதல் நாளே ஒரு பந்து மட்டும் அப்படியே நேரா, உயரமா பறந்துச்சு. அந்த ஒரு பந்துக்காகத்தான் அடுத்த ஒன்றரை வருஷம் காசும் முதுகும் போச்சு.

ஏன்னா அடுத்த பந்து வலது பக்க வலைக்குப் போச்சு. அதுக்கு அடுத்தது இடது பக்கம். எப்பவும் வலது பக்கம்தான் போகும்னா அதுக்கு ஏத்த மாதிரி குறி வைக்கலாம். எந்தப் பக்கம் போகும்னே தெரியலன்னா? கோட்ல இதைத்தான் ஃப்ளேக்கி டெஸ்ட்னு சொல்லுவோம். ரன் பண்ணும்போதெல்லாம் வேற ரிசல்ட்.

நான் என்ன பண்ணேன்? வாரம் ஒரு வீடியோ பார்ப்பேன். ஒரு வாரம் கிரிப்பை மாத்துவேன், அடுத்த வாரம் முழங்கையை ஒட்ட வைப்பேன், அதுக்கடுத்த வாரம் இடுப்பு. ஒரே மூச்சுல 200 பந்து அடிப்பேன். கடைசியில கீழ் முதுகு பிடிச்சுக்கிச்சு. ஸ்டாண்டப் மீட்டிங்ல நிக்கக்கூட முடியல. கிளப்பை எல்லாம் வித்துடலாம்னு போட்டோகூட எடுத்து வச்சுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் அப்பா ரிட்டயர் ஆகி சென்னைக்கு வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை, "கடைசியா ஒரு தடவை போயிட்டு வரேன்"னு சொன்னப்போ, "நானும் வரேன்டா"ன்னு கூடவே கிளம்பிட்டார். பின்னாடி பெஞ்சுல உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டு ஒரு முப்பது பந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, உன் கால் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்குதே, அது அப்படித்தானா?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஒன்றரை வருஷமா நான் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். காலை ஒரு தடவைகூடப் பார்க்கல.

"நீ ஒரே நேரத்துல நாலு போல்ட்டைத் திருப்புறே. சத்தம் நின்னுச்சுன்னா எந்த போல்ட்டுனால நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? முதல்ல லாக் புக் போடு"ன்னார். மைன்ல அவருக்கு அது சாதாரணம். ஊருக்கெல்லாம் சிஸ்டம் டிசைன் பேசுற எனக்கு அது தோணல.

சரி, லாக் போட்டோம். இப்போ கொஞ்சம் பிசிக்ஸ். நான் வலது கைக்காரன், அந்தக் கணக்குலயே சொல்றேன்.

பந்து எந்தத் திசையில கிளம்பும்ங்கிறதைப் பெரும்பாலும் முடிவு பண்றது, அடிக்கிற நொடியில கிளப்போட முகம் எந்தப் பக்கம் பார்க்குதுங்கிறதுதான். அது எந்தப் பக்கம் வளையும்ங்கிறது, அந்த முகத்துக்கும் கிளப் போற பாதைக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கிட்டு இருக்கிற நேரம் ஒரு நொடியில சுமார் 2,000-ல் ஒரு பங்கு. பந்து கிளம்புற திசையில 1 டிகிரி தப்பு இருந்தாலே, 200 மீட்டர் தூரத்துல அது 3.5 மீட்டர் விலகல். 5 டிகிரின்னா 17 மீட்டருக்கு மேல. அதுவும் வளைவைச் சேர்க்காம. பையில இருக்கிறதுலயே நீளமான கிளப் டிரைவர்தான். அதனால சின்னத் தப்பும் இதுல பெருசாத் தெரியும்.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் புதுசு. டிரைவர் முகம் தட்டையா இருக்காது, லேசா வெளிப்பக்கம் உப்பியிருக்கும். பந்து நடுவுல படாம கிளப்போட வெளி நுனிப் பக்கம், அதாவது டோல பட்டா, கிளப் தலை லேசாத் திரும்பி, பல்சக்கரம் மாதிரி பந்துக்கு எதிர்ச் சுழற்சி கொடுக்கும். பந்து இடது பக்கம் வளையும். தண்டுக்குப் பக்கத்துல, ஹீல்ல பட்டா வலது பக்கம் வளையும். அதாவது, ஸ்விங் அதேதான். படுற இடம் மட்டும் மாறினாலே பந்து ரெண்டு பக்கமும் போகும்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? லட்ச ரூபாய் மெஷின் எல்லாம் வேண்டாம். கிளப் முகத்துல கொஞ்சம் முகப் பவுடர் பூசினோம். ஒவ்வொரு பந்துக்கும் தடம் விழும். அப்பா பாத்து, நோட்டுல டோ, நடு, ஹீல்னு எழுதினார். பக்கத்துலயே பந்து போன திசை. 40 பந்து முடிஞ்சதும் பார்த்தா, தடம் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்துச்சு. இடது பக்கம் போனதுல பெரும்பாலானதுக்கு எதிர்ல டோ, வலது பக்கம் போனதுக்கு எதிர்ல ஹீல்.

காரணம் அப்பா சொன்னதுதான். நான் பந்துல இருந்து நிக்கிற தூரம் ஒவ்வொரு தடவையும் மாறுது. பந்து சில நேரம் ரொம்ப முன்னாடி, சில நேரம் ரொம்பப் பின்னாடி. முன்னாடி இருந்தா, கிளப் வளைஞ்சு இடது பக்கம் திரும்ப ஆரம்பிச்ச பிறகு படும். பின்னாடி இருந்தா, இன்னும் வலது பக்கம் போயிக்கிட்டு இருக்கும்போதே படும். நிக்கிற இடமே சரியில்லாதப்போ ஸ்விங்கை மாத்தி என்ன பிரயோஜனம்?

நெய்வேலிக்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். 1957-ல மைன் வேலை ஆரம்பிச்சாலும், பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டது 1961-லதான். மேல இருக்கிற மண்ணை எடுக்கிறது ஒரு வேலைன்னா, நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிக்கிற தண்ணி இன்னொரு வேலை. ராத்திரி பகலா பம்ப் போட்டு அந்த அழுத்தத்தைக் குறைக்கலன்னா, தோண்டுற தரையே பொத்துக்கிட்டு மேல வந்துடும். மேல எவ்வளவு பெரிய மெஷின் நின்னாலும் கீழ உள்ளதைப் பார்த்தாகணும். அப்பா முதல்ல காலைப் பார்த்ததுல எனக்கு அப்புறம் ஆச்சரியமே இல்ல.

நான் செஞ்சது இதுதான், இதே வரிசையில. ஒன்னு சரியாகுற வரைக்கும் அடுத்ததைத் தொடல.

முதல்ல நிக்கிற இடம். பந்து இடது குதிகாலுக்கு உள்பக்கம் நேரா. டீ உயரம், கிளப்பைத் தரையில வச்சா பாதிப் பந்து மேல தெரியுற அளவு. தூரத்துக்கு, தரையில ஒரு குச்சி போட்டு கால் விரலை அதுல வச்சேன். மூணு வாரம் இது மட்டும்தான்.

ரெண்டாவது பாதை. கிரிக்கெட் பழக்கத்துல நான் வெளியில இருந்து உள்ளே இழுக்கிறேன். முகம் கொஞ்சம் திறந்திருந்தா அது நேரா ஸ்லைஸ்தான். பந்துக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் பின்னாடி, காலி அட்டை டப்பா ஒன்னு வச்சேன். இழுத்தா டப்பா பறக்கும்.

மூணாவது வேகம். நல்ல ஆட்டக்காரங்க கிளப்பை மேல கொண்டு போக எடுக்கிற நேரம், கீழ இறக்குற நேரத்தைப் போல சுமார் 3 மடங்கு. நான் மேல போறதுக்குள்ளயே அவசரப்பட்டு இறக்கிடுவேன். மனசுக்குள்ள "ஒன்னு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணி, "அடி"ன்னு இறக்கினேன். 200 பந்து கிடையாது, 50-தான். முதுகுக்கு முதல்ல பிசியோகிட்டயும் போனேன். வலியோட பிராக்டிஸ் வேண்டாம், ப்ளீஸ்.

"தூரம் குறைஞ்சிடாதா?"ன்னு கேப்பீங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பெங்களூரு அதிதி அசோக்கை ஞாபகம் இருக்கா? கோவிட் வந்து உடம்பு தேறி வந்தவங்க. டிரைவர் தூரத்துல மத்தவங்களைவிட ரொம்பப் பின்னாடி. ஆனாலும் 4-வது இடம், ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல மெடல் போச்சு. பையைத் தூக்கிக்கிட்டுக் கூட நடந்த கேடி அவங்க அம்மா. அதே பெங்களூருல கேடியா இருந்து வளர்ந்த சி. முனியப்பா 2009-ல இந்தியன் ஓப்பனே ஜெயிச்சார். அதனால "இது நமக்கான விளையாட்டு இல்ல"ங்கிற பேச்சை நான் நிறுத்திட்டேன்.

இப்போ நிலைமை? இன்னும் வலது பக்கம் போகுது. ஆனா எப்பவும் வலது பக்கம், அதுவும் கொஞ்சமா. அதுக்கு ஏத்த மாதிரி குறி வச்சுக்குவேன். இடது பக்கம் போறது ரொம்ப அபூர்வம். கிளப்பை விக்கலை.

அப்பா ஊருக்குத் திரும்பிட்டார். ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா, சாப்பிட்டியான்னு கேக்குறதுக்கு முன்னாடி, "ஹீல்ல எத்தனைடா?"ங்கிறார். நோட்டைப் பார்த்துச் சொல்றேன். இத்தனை வருஷத்துல நாங்க போன்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசுறது இப்போதான்.

உங்க நோட்டுல என்ன இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.